ஆலமரத்தில் ஏறாத இளங்கொடி

கடந்த ஐப்பசியில், காலபோக விதைப்புத் தொடங்கி, வயல்வெளியில் நின்ற மாட்டுப் பட்டிகளெல்லாம் வன்னியில் முத்தையன்கட்டுப் பக்கத்துக் காட்டோரத்துக்குச் சாய்க்கப்பட்ட பின்னர், ஒரு விடிகாலையில் அண்ணா தொலைபேசியில் அழைத்தார். “சிவலைக்குக் கண்டு விழுந்திட்டுது, தங்கச்சி. நான் போறதுக்கிடையில நாயள் இழுத்துக்கொண்டு போட்டுதுகள்” என்றார். குரலில் துக்கத்தைவிடச் சலிப்பே கூடுதலாக இருந்தது. முந்திய ஆண்டும் அதே பட்டியில் வேறொரு மாட்டுக்கு இவ்வாறு நேர்ந்திருந்தது. நாய்களைத் துரத்திவிட்டு, எஞ்சிக் கிடந்ததைத் தடியால் தூக்கிப் பற்றைக்குள் எறிந்துவிட்டு, அவர் பால் கறக்கப் போய்விட்டார்.

கன்று எவ்வளவு பெரிதாக இருந்தது என்று கேட்டேன். பெரிய பூனையளவு என்றும், உடம்பில் இன்னும் மயிர் மூடவில்லை என்றும் சொன்னார். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள்களாகும். பெரிய பூனையளவு என்றால் ஐந்தாம் மாதம். வைகாசியில் நாம்பன் ஏறியதை அவர் கண்டிருந்தபடியால் கணக்கும் ஒத்துவந்தது. சிவலைக்குக் காய்ச்சல் இல்லை, மேய்ச்சலில் குறைவில்லை, முதல் நாள் மாலை வரை ஒரு குறியும் தென்படவில்லை. நோயின் சாயலே இல்லாத தாய் ஐந்தாம் ஆறாம் மாதத்தில் கருவை இழக்கும்போது நினைவுக்கு வரவேண்டிய பெயர்களில் ஒன்று நியோஸ்போரா கனைனம். உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பிக்கிற எனக்கே சில ஆண்டுகளுக்கு முன்வரை அது புத்தகத்தில் இருக்கும் ஒரு பெயராகத்தான் இருந்தது.

இது கண்ணுக்குத் தெரியாத ஒருகல ஒட்டுண்ணி. 1984 ஆம் ஆண்டில் நோர்வேயில், பின்கால்கள் செயலிழந்த நாய்க்குட்டிகளில் முதலில் கண்டறியப்பட்டது. அதற்கு முன்னர் பல காலமாக, ரொக்சோபிளாஸ்மா என்ற அதன் உறவுக்கார ஒட்டுண்ணியாகவே அது தவறாக எண்ணப்பட்டு வந்தது. 1988 இல் அதற்குத் தனிப்பெயர் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் ஒரு பாற்பண்ணையில் நிகழ்ந்த கருச்சிதைவுகளோடு அதற்குள்ள தொடர்பு வெளியாயிற்று. ஆனால் மாட்டுக்குள் அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு 1998 வரை விடை கிடைக்கவில்லை. நாயின் குடலில்தான் அது தன் பாலியல் இனப்பெருக்கத்தை முடித்து, முட்டை போன்ற சிதல்களாக மலத்தோடு வெளியேறுகிறது என்று அவ்வாண்டில் பரிசோதனை மூலம் நிறுவப்பட்டது. வெளியேறிய சிதல் உடனே நோயைத் தருவதில்லை. ஈரமும் காற்றும் பட்டு ஏறத்தாழ மூன்று நாள்களுக்குள் முதிர்ந்த பின்னரே தொற்றும் வல்லமை பெறுகிறது. அது படிந்த புல்லையோ வைக்கோலையோ நீரையோ மாடு உட்கொள்ளும்போது ஒட்டுண்ணி உடலுக்குள் போய்விடுகிறது. மாடு சினைப்பட்டிருந்தால், அது நஞ்சுக்கொடியின் இழையங்களை அழித்து, கருவின் மூளையிலும் இதயத்திலும் புகுந்து அதைக் கொன்றுவிடவும் கூடும்.

நாய்க்கு அது எப்படி வருகிறது என்பதை அறிந்தபோதுதான் எனக்கு அம்மப்பாவின் நினைவு வந்தது. தொற்றுள்ள மாட்டின் இழையத்தைத் தின்பதால் நாய்க்கு இது வருகிறது. கழிவிறைச்சி, இறந்த கன்று, விழுந்த கரு, இளங்கொடி என்று நாங்கள் சொல்லும் நஞ்சுக்கொடி ஆகிய எல்லாமே அதற்கு வழிகளாகலாம்.

எங்கள் பக்கத்தில் மாடு கன்று போட்டால், இளங்கொடி விழும் வரைக்கும் ஒருவர் காவல் இருப்பது வழக்கம். விழுந்ததும் அதை எடுத்து, அந்தக் காலத்தில் பனையோலை உமலிலும் இப்போது பழைய உரப்பையிலும் கட்டி, ஆலமரம் போன்ற பாலுள்ள மரமொன்றின் கிளையில் உயரத் தொங்கவிடுவார்கள். நாய் தின்றுவிட்டால் மாட்டின் பால் வற்றிவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அம்மப்பாவின் வளவுக்கு அருகில் நின்ற ஆலமரத்தில் எப்போதும் நான்கைந்து பொதிகள் தொங்கும். சின்ன வயதில் அந்த மரத்தடியால் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஒட்டுண்ணியின் வட்டத்தை அறுப்பதற்கு இதைவிடச் சிறந்த உபாயத்தை எந்தக் கால்நடை வைத்தியரும் எங்கள் பட்டிகளுக்குச் சொல்லியிருக்க முடியாது. அவர்கள் நாயைப் பற்றி அறிந்திருந்தார்களா என்று கேட்டால், அறிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். பால் மரத்தில் ஏற்றினால் பால் பெருகும் என்ற நம்பிக்கை வேறு. அதில் தற்செயலாகக் கிடைத்த பாதுகாப்பு வேறு. முன்னோர் எல்லாவற்றையும் முன்பே கண்டுவிட்டனர் என்று எழுதுவோரின் வரிசையில் சேர எனக்கு விருப்பமில்லை.

ஏனெனில் அந்த வழக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மரத்தில் ஏறுவது உயிருடன் பிறந்த கன்றின் இளங்கொடி மட்டுமே. குறைமாதத்தில் விழுந்த கருவையும் அதனோடு வந்த கொடியையும் யாரும் மரத்தில் கட்டுவதில்லை. அது துடக்கு, அபசகுனம். அதைக் கையால் தொடாமல் பற்றைக்குள் எறிந்துவிட்டு முகம் கழுவிக்கொள்வார்கள். அண்ணா செய்ததும் அதுதான். ஒட்டுண்ணி நிறைந்திருக்கக் கூடிய பொருளை நாய்க்குக் கொடுத்துவிட்டு, உயிருடன் பிறந்த கன்றின் கொடியை மட்டும் ஆலமரத்தில் ஏற்றிப் பாதுகாத்து வருகிறோம். இந்தப் பதிவை எழுதத் தொடங்கியதே இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

நியோஸ்போராவின் இன்னொரு தன்மையைப் பட்டிக்காரர் நன்றாக விளங்கிக்கொள்வார்கள் என்று நம்புகிறேன், ஏனெனில் அது வழி, அதாவது வம்சம், சம்பந்தப்பட்டது. தொற்றிய பசு எல்லாமே கருவை இழந்துவிடுவதில்லை. பெரும்பான்மையானவை குறையேதும் இல்லாததுபோல் தோன்றும் கன்றைப் போடும். ஆனால் அந்தக் கன்று கருவறையிலேயே தாயிடமிருந்து தொற்றைப் பெற்றுப் பிறந்திருக்கும். அது கிடாரியாக வளர்ந்து சினைப்படும்போது உள்ளே உறங்கிக் கிடந்த ஒட்டுண்ணி மீண்டும் விழித்து, ஒன்றில் கருவைக் கொல்லும், அல்லது அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படும். நாயே இல்லாத பண்ணையில்கூட இவ்வாறு தாய்வழியாக அது பல தலைமுறைகளுக்கு நீடிக்க வல்லது. தொற்றுள்ள மாடு கருவை இழக்கும் வாய்ப்பு தொற்றில்லாததைவிடப் பல மடங்கு கூடுதல் என்பதும், ஒருமுறை இழந்தது மறுமுறையும் இழக்கலாம் என்பதும் பல நாடுகளின் பண்ணைகளில் கண்டறியப்பட்டவை.

எங்கள் பட்டியின் வழியை நான் ஒரு பழைய கொப்பியில் எழுதிப் பார்த்தேன். சிவலையின் பாட்டி அம்மாவுக்குச் சீதனமாக வந்த மாடுகளின் வழியைச் சேர்ந்தது. போரின் இறுதிக் காலத்தில் பட்டியை அவிழ்த்து விட்டுவிட்டுத்தான் நாங்கள் இடம்பெயர்ந்தோம். 2010 இல் மீளக் குடியேறியபோது, கட்டாக்காலியாய்த் திரிந்த மாடுகளுக்குள் எங்கள் குறி சுட்டிருந்த மூன்று மாத்திரம் அடையாளம் கண்டு பிடிக்கப்பட்டன. இன்று நிற்கிற இருபத்தாறும் அந்த மூன்றின் வழி. கொப்பியில் எழுதியபோது, கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் அண்ணாவுக்கு நினைவிருக்கிற ஐந்து கருச்சிதைவுகளில் நான்கு அந்த மூன்றில் ஒன்றான கறுவலின் வழியிலேயே வந்து விழுந்தன. சிவலையும் அந்த வழியே. “அந்த வழிக்கு ஒரு சாபம் இருக்குது எண்டு அப்பா சொல்லுவார்” என்றார் அண்ணா. நான்கு மாடுகளை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்பதை நான் அறிவேன். எனினும், தாய்வழியாகத் தொடரும் ஒரு நோயைத் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய ஏடு, மாட்டின் பெயரையும் அதன் தாயின் பெயரையும் மறக்காத பட்டிக்காரரின் நினைவுதான்.

மாட்டுக்கு இதற்கு நம்பத்தக்க மருந்தும் இல்லை, வன்னியில் எவரும் வாங்கிப் போடக்கூடிய தடுப்பூசியும் இல்லை. இரத்தப் பரிசோதனையில் தொற்று உறுதிப்பட்ட வழியின் கிடாரிகளைப் பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளாமல் விடுவதும், நாய்க்கும் மாட்டுக்கும் இடையிலான வழியை அடைப்பதுமே எஞ்சியவை. பட்டிக்கு நாய் வேண்டாம் என்று சொல்வது நடவாத காரியம். காட்டோரத்தில் இரவில் சிறுத்தை வந்தால் முதலில் குரல் கொடுப்பது நாய். நாய்க்கு மாட்டின் பச்சை இறைச்சியைப் போடாதிருக்கலாம். வைக்கோற் போருக்குள்ளும் தவிட்டுப் பானைக்கு அருகிலும் நாய் படுக்காதவாறு செய்யலாம். குளக்கட்டோரம் மாடு வெட்டுகிறவர்கள் கழிவை வெளியே விட்டுவிட்டுப் போகாமல் புதைக்கும்படி கேட்கலாம், அவர்கள் கேட்பார்களா என்பது வேறு விடயம். சார்கோசிஸ்டிஸ் என்ற இன்னொரு ஒட்டுண்ணியும் இதே நாய், மாடு, இறைச்சி என்ற பாதையில்தான் சுற்றுகிறது. அதன் தொற்று கடுமையானால் மாடு காய்ச்சலில் விழுந்து கருவையும் இழக்கும். ஆகவே பாதையை அடைப்பவருக்கு ஒரு வேலையில் இரண்டு பயன் உண்டு.

ஆட்டின் கதை வேறு; அங்கே நாய்க்குப் பதிலாகப் பூனை. சின்னம்மா வீட்டில் வாழ்வாதார உதவியாகக் கிடைத்த இரண்டு மறிகளிலிருந்து பெருகிய ஆடுகள் பதினொன்று நின்றன. ஒரு மாரியில், மூன்று வாரத்துக்குள் நான்கு ஆடுகள் குறைமாதத்தில் குட்டிகளை இழந்தன. அவற்றுள் ஒன்றின் ஈற்றில் ஒரு குட்டி கறுத்து, உலர்ந்து, தோற்பொம்மை போலவும், மற்றது உயிருடன் ஆனால் எழுந்து நிற்க மாட்டாததாகவும் வந்தன. கொடியின் சதைக் குமிழ்களில் தினையளவான வெண்புள்ளிகள் நிறைந்திருந்தன. இவ்விரண்டும் ஒன்றாகத் தோன்றினால் ரொக்சோபிளாஸ்மா மேல் சந்தேகம் கொள்வதற்கு நல்ல காரணம் உண்டு. இவ்வொட்டுண்ணி 1908 இல் தூனிசில் ஒரு கொறிவிலங்கிலும் பிரேசிலில் ஒரு முயலிலும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்றாலும், பூனையின் குடலே அதன் பிறப்பிடம் என்பது தெளிவாவதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

பூனை எலியைத் தின்று இதனைப் பெறுகிறது. முதன்முறை தொற்றுகிற பூனை, பெரும்பாலும் வேட்டையாடக் கற்றுக்கொள்ளும் குட்டிப்பூனை, ஒன்றிரண்டு வாரங்களுக்குள் கோடிக்கணக்கான சிதல்களை மலத்தோடு விட்டு ஓய்ந்துவிடுகிறது. பின்னர் அது மறுபடி விடுவது அரிது. ஆனால் அந்த ஒன்றிரண்டு வாரச் சிதல்கள் ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிருடன் இருக்கும். சின்னம்மாவின் வீட்டுப் பூனை ஆட்டுக்கு வைத்திருந்த வைக்கோலுக்குள்தான் குட்டி போட்டிருந்தது. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள்கள். தொற்று முதற்பகுதியில் வந்தால் கரு கரைந்து, ஆடு சினைப்படவே இல்லை என்று நாம் எண்ணிக்கொள்வோம். நடுவில் வந்தால் குட்டி இறந்து விழும். பிற்பகுதியில் வந்தால் தொற்றோடு பிறந்து பிழைத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே மூன்று வாரத்துக்குள் நான்கு ஆடுகள் இழந்தது, எல்லாம் ஒரே காலத்தில் ஒரே இடத்தில் தொற்றியதன் அடையாளமாக இருக்கலாம். சின்னம்மா அந்த நான்கையும் விற்க நினைத்தார். செம்மறிகளில் ஒருமுறை இவ்வாறு இழந்தது பொதுவாக நோயெதிர்ப்பைப் பெற்று அடுத்த ஈற்றில் நல்ல குட்டி போடும். வெள்ளாடுகளில் அது அவ்வளவு உறுதியில்லை என்றாலும் விற்கும் அளவுக்குக் காரணம் இல்லை என்று சொல்லித் தடுத்தேன். அடுத்த ஆண்டு நான்கில் மூன்று இரட்டைக் குட்டி போட்டன. நான்காவதை அதற்கு முன்பே யாரோ களவாடிவிட்டார்கள்.

நியோஸ்போராவால் மனிதருக்கு நோய் வந்ததாக அறியப்படவில்லை. ரொக்சோபிளாஸ்மா அப்படியன்று, கர்ப்பிணிப் பெண்ணுக்கு முதன்முறையாகத் தொற்றினால் கருவிலுள்ள குழந்தையின் கண்ணையும் மூளையையும் அது தாக்கலாம். சின்னம்மாவின் மருமகள் அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி, ஆட்டுக்கொட்டிலைக் கூட்டுவதும் அவள்தான். அன்று நான் உரத்த குரலில் சண்டை பிடித்ததை இன்னமும் வீட்டில் சொல்லிக் காட்டுவார்கள். ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் குடிப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் ஊரில் இன்னமும் இருக்கிறார்கள். அதையும் அன்றோடு நிறுத்தினோம்.

நாம்பனைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். பத்துப் பட்டிகள் ஒரே மேய்ச்சல் தரையில் கலக்கும் வன்னியில் எந்த மாட்டில் எந்த நாம்பன் ஏறியது என்பதற்குக் கணக்கே இல்லை. ட்ரைட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி நாம்பனின் குறித்தோல் மடிப்புகளுக்குள் ஒரு நோவும் காட்டாமல் குடியிருந்து, ஏறும் ஒவ்வொரு பசுவுக்கும் கடத்தப்படும். வயது முதிர்ந்த நாம்பனில் அம்மடிப்புகள் ஆழமாவதால் அது நிலையாகத் தங்கிவிடுகிறது. பசு சில மாதங்களில் தானாகவே குணமடையும், நாம்பன் குணமடைவதில்லை. கரு மிகச் சிறிதாக இருக்கும்போதே அழிவதால் விழுந்ததை எவரும் காண்பதில்லை. மாடு திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகிறது என்றும், தீன் போதாது என்றும் சொல்லிக்கொள்வோம். செயற்கைமுறைச் சினைப்படுத்தல், எங்கள் ஊர்ப் பேச்சில் ஊசி போடுதல், நல்ல இனத்துக்காக மாத்திரம் பரிந்துரைக்கப்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். இந்நோயிலிருந்து காப்பதும் அதன் பயன்களில் ஒன்று.

உண்ணிகளைப் பற்றிப் பட்டிக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாட்டின் சிவப்பணுக்களை உடைக்கும் பபேசியாவை உண்ணியே பரப்புகிறது என்று அமெரிக்காவில் 1893 இல் நிறுவப்பட்டதுதான், ஒரு பூச்சியினமோ உண்ணியினமோ நோயைக் கடத்தும் என்பதற்கு உலகில் கிடைத்த முதற் சான்றுகளில் ஒன்று. சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போவதும் கடுங்காய்ச்சலும் இரத்தச்சோகையும் அதன் குறிகள். சினைமாடாயின் அந்தக் காய்ச்சலிலேயே கரு விழும். எங்கள் நாட்டு மாடுகள் இதனைப் பெருமளவு தாங்கும். பால் கூடுதலாகத் தரும் என்று வெளியிலிருந்து கொண்டுவரப்படுகிற ஜேர்சி, பிரீசியன் கலப்பு மாடுகளே வந்த முதல் மாரியில் விழுகின்றன, பெரும்பாலும் கடன்பட்டு வாங்கியவருடைய முற்றத்தில்.

ஒட்டுண்ணிக்குப் பயந்து மருந்து கொடுப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அல்பென்டசோல் என்ற பூச்சிமருந்தைச் சினையின் முதல் 45 நாள்களில் பசுவுக்குக் கொடுக்கக் கூடாது. கரு ஊனமுறவோ அழியவோ கூடும். நாம்பன் ஏறிய நாள் தெரியாத பட்டியில், மாடுகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி ஒரே நாளில் போத்தலால் வாயில் ஊற்றுவது எங்கள் வழக்கம். எங்கள் பட்டியிலும் அவ்வாறு செய்தோம். கொப்பியில் இருந்த ஐந்தாவது இழப்பு, கறுவல் வழியில் சேராதது, அவ்வாறு ஊற்றிய சில வாரங்களின் பின் நிகழ்ந்தது என்பதை அண்ணா பிறகுதான் நினைவுகூர்ந்தார்.

இவ்வளவும் எழுதிய பின், விழுகிற கருவெல்லாம் ஒட்டுண்ணியால் விழுவதில்லை என்பதையும் எழுதாவிட்டால் தீங்கு செய்தவளாவேன். புருசெல்லோசிஸ் என்ற பற்றீரிய நோய் இலங்கையின் வறண்ட வலயப் பட்டிகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அது பெரும்பாலும் சினையின் கடைசி மூன்று மாதங்களில் கருவை விழுத்தும். இளங்கொடி விழாமல் தங்கும். விழுந்ததைத் தொட்டவருக்கும் காய்ச்சாத பாலைக் குடித்தவருக்கும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு நோவையும் தரும். வெறும் கண்ணால் இதையும் அதையும் பிரித்தறிவது முடியாது. ஆகவே எந்தக் கருவானாலும் வெறுங்கையால் தொடக்கூடாது; கையுறை இல்லாவிட்டால் இரண்டு ஷொப்பிங் பைகளைக் கையில் மாட்டிக்கொண்டாவது எடுக்க வேண்டும்.

மாசியில் பட்டியில் இன்னொரு மாட்டுக்கு ஆறாம் மாதத்தில் கன்று விழுந்தது. இம்முறை அண்ணா எறியவில்லை. மீன் வியாபாரியிடம் கேட்டு வாங்கிய றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, கன்றையும் கொடியையும் வைத்து, மோட்டார்சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போனார். மாட்டின் இரத்தமும் எடுக்கப்பட்டது. புருசெல்லோசிஸ் இல்லை என்று வந்தது. கருவின் மூளை வயிற்றுக்குள் இருக்கும்போதே கூழாகிவிட்டிருந்ததால் அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் வைத்தியர். வசதி நிறைந்த ஆய்வுகூடங்களிலேயே பெருந்தொகையான கருச்சிதைவுகளுக்குக் காரணம் தெரியாமற் போகிறது என்பதால் எனக்கு அதில் வியப்பில்லை. அண்ணாவுக்குத்தான் ஐஸ் காசு வீணாய்ப் போனதில் கோபம்.

பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, பட்டிக்குச் சற்றுத் தள்ளி இடுப்பளவு குழி வெட்டினோம். கன்றையும் கொடியையும் இட்டு, சுண்ணாம்பு தூவி, மண் மூடி, மேலே சூரைமுள் வெட்டிப் போட்டு, அதற்கும் மேலே வாய்க்கால் கட்டுக்கு வைத்திருந்த கற்களை ஏற்றினோம். பட்டி நாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு நாள்கள் அது அந்தக் கற்களின் அருகிலேயே, மூக்கை முன்கால்களின் மேல் வைத்தபடி படுத்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் எழுந்து, உடம்பை உதறிவிட்டு, மாடுகளின் பின்னால் போயிற்று.